வீட்டுக்கு ஒரே பாஸ்வேர்ட் பெட்டகம்: நான்கு வழிகள், எந்த வீட்டுக்கு எது?

கடந்த இரண்டு மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். வீட்டில் நாலைந்து போன், ஒன்றிரண்டு லேப்டாப், ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர். கரண்ட் பில், கேஸ் புக்கிங், மெடிக்ளெய்ம், பிள்ளைகளின் பள்ளி ஆப், ஓடிடி, வைஃபை என்று முப்பது நாற்பது பாஸ்வேர்டுகள் எல்லோருக்கும் பொதுவாக வேண்டியிருக்கின்றன. இவற்றை ஒரு பாஸ்வேர்ட் மேனேஜரில், அதாவது எல்லாவற்றையும் ஒரே பூட்டுக்குள் வைக்கும் பெட்டக மென்பொருளில் போட்டு, வீட்டு வைஃபைக்குள்ளேயே எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேரும்படி வைத்துக்கொள்வதா? இல்லை, ஏதாவது ஒரு கிளவுட் சேவையில் குடும்பத்தோடு சேர்ந்துவிடுவதா?

நானும் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றவன்தான். எங்கள் வீடு திருச்சியில். அப்பா அம்மாவிடம் ஆண்ட்ராய்டு போன், மனைவியிடம் ஐபோன், மகளிடம் விண்டோஸ் லேப்டாப், என் மேசையில் லினக்ஸ். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. நான் வேலையாகப் பெங்களூரில் இருந்தேன். மெடிக்ளெய்ம் அட்டையைத் தரவிறக்க வேண்டும். அதன் பாஸ்வேர்ட் என் மேசைக் கம்ப்யூட்டரில், எனக்கு மட்டும் திறக்கத் தெரிந்த ஒரு ஃபைலில் இருந்தது. மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போனில் நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தாள். "அலை மாதிரி வளைந்திருக்குமே, எஸ்கேப் பட்டனுக்குக் கீழே, ஷிஃப்டோடு சேர்த்து அழுத்து" என்று ஒரு குறியைப் புரியவைக்கவே நாலைந்து முறை ஆயிற்று. மொத்தம் நாற்பது நிமிடம். அப்பா குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த இரவுக்கு அப்புறம், "எது மிகப் பாதுகாப்பானது?" என்ற கேள்வியோடு நான் எந்த மென்பொருளையும் பார்ப்பதில்லை. "நான் இல்லாதபோது இதை வீட்டில் யார் திறப்பார்கள்?" என்றுதான் பார்க்கிறேன். கீழே உள்ள நான்கு வழிகளையும் வெவ்வேறு காலத்தில் எங்கள் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

பூட்டின் வலிமையை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். இங்கே வரும் எல்லா வழிகளிலும் தகவலைப் பூட்டும் முறை நல்ல முறைதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

பாஸ்வேர்ட் மேனேஜர் சேவை நடத்தும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு 2022-ல் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்டில் அவர்களுடைய மென்பொருள் உருவாக்கும் பகுதிக்குள் நுழைந்தவர்கள், அங்கே கிடைத்ததை வைத்து அடுத்தபடியாக வாடிக்கையாளர்களின் பெட்டகங்களுடைய பேக்கப் நகலையே எடுத்துக்கொண்டு போனார்கள். டிசம்பரில் நிறுவனமே அதை அறிவித்தது. பாஸ்வேர்டுகள் பூட்டித்தான் இருந்தன. ஆனால் எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் பூட்டப்படாமல் இருந்தன. பெட்டகம் முழுவதையும் திறக்கும் ஒரே பாஸ்வேர்டான மாஸ்டர் பாஸ்வேர்டை யூகிப்பதைக் கடினமாக்கும் கணக்கீட்டுச் சுற்றுகளின் எண்ணிக்கையும் பழைய கணக்குகள் பலவற்றில் மிகக் குறைவாக இருந்தது. சின்ன மாஸ்டர் பாஸ்வேர்ட் வைத்திருந்தவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. பெட்டகம் ஒரு நாள் அடுத்தவர் கைக்குப் போகலாம், போனாலும் தாங்க வேண்டும் என்ற நினைப்போடுதான் மாஸ்டர் பாஸ்வேர்டை வைக்க வேண்டும். நாலைந்து தொடர்பில்லாத சொற்களைக் கோத்த நீளமான ஒன்று போதும். வீட்டிலேயே வைத்திருக்கும் ஃபைலுக்கும் இது அப்படியே பொருந்தும்.

"வீட்டு நெட்வொர்க்கை விட்டு வெளியே போகாவிட்டால் பாதுகாப்பு" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அதே வைஃபையில்தான் மலிவு விலை சிசிடிவி கேமராவும், அப்டேட் வராத டிவியும், வந்துபோகிற உறவினர்களின் போன்களும் இருக்கின்றன. வீட்டு வைஃபையைத் தெருவைப் போலவே நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, எவற்றை வைத்து எடைபோடுவது? நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

ஒன்று, வீட்டில் என்னென்ன கருவிகள் கலந்திருக்கின்றன. எல்லாம் ஒரே வகை என்றால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் என்ன ஆகும். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. அடி விழுவதும் இங்கேதான்.

மூன்று, நெட் இல்லாதபோதும், கரண்ட் போனபோதும், வெளியூரிலும் பெட்டகம் திறக்குமா.

நான்கு, அமைத்தவர் இல்லாதபோது மற்றவர்கள் சமாளிப்பார்களா. மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்தால் மீட்க வழி உண்டா.

ஐந்து, செலவு. சந்தாப் பணம் கண்ணுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் போவது தெரியாது.

## வழி 1: போனிலும் பிரவுசரிலும் ஏற்கெனவே இருப்பது

குரோம் பிரவுசரும் ஆண்ட்ராய்டும் கூகுள் கணக்கில் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கின்றன. ஆப்பிள் கருவிகளில் ஐகிளவுட் கீசெயின் இருந்தது. 2024-ல் வந்த ஐஓஎஸ் 18 முதல் அது 'பாஸ்வேர்ட்ஸ்' என்ற தனி ஆப்பாகவே வந்துவிட்டது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். காசும் இல்லை. பெரியவர்களுக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. அம்மாவுக்கு நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, விரலை வைத்தால் நிரம்புகிறது, அவ்வளவுதான்.

குடும்பத்தோடு பகிர்வதில் இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஆப்பிளில், 2023-ல் ஐஓஎஸ் 17-உடன் வந்த பகிர்வுக் குழுவில் ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் குழுவில் எல்லோருக்கும் மாறிவிடும். கூகுளில் உங்களையும் சேர்த்து ஆறு பேர் வரையான குடும்பக் குழுவுக்குள் அனுப்பலாம். ஆனால் போவது ஒரு நகல்தான். அப்புறம் நீங்கள் மாற்றினால் அவர்களிடம் பழையதே இருக்கும், மறுபடி அனுப்ப வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மாறும் ஓடிடி பாஸ்வேர்டுக்கு இது பெரிய தொல்லை இல்லை. அடிக்கடி மாற்றச் சொல்லும் தளங்களுக்கு ஒத்துவராது.

மறைந்திருக்கும் செலவு ஹாலில் இருக்கும் அந்தப் பொதுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பல வீடுகளில் விண்டோஸில் எல்லோரும் ஒரே கணக்கில்தான் நுழைகிறார்கள், அதற்குப் பாஸ்வேர்டும் இல்லை. அங்கே குரோமில் உங்கள் கூகுள் கணக்கோடு சிங்க் (எல்லாக் கருவியிலும் ஒன்றுபோல இருக்கச் செய்வது) போட்டுவிட்டால், கம்ப்யூட்டரை ஆன் செய்கிற யாருக்கும் உங்கள் எல்லாப் பாஸ்வேர்டும் தானாக நிரம்பும். கணினியில் புகும் திருட்டு மென்பொருள்கள் முதலில் தேடுவதும் பிரவுசர் சேமித்து வைத்திருப்பதைத்தான். இந்த வழியில் போகிறவர்கள் பொதுக் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு கட்டாயம் போடுங்கள்.

இன்னொன்று, ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் கலந்த வீடு. ஐகிளவுட் பாஸ்வேர்டை விண்டோஸில் பார்க்கலாம், ஆண்ட்ராய்டில் முடியாது. எங்கள் வீட்டில் இந்த வழி நின்றது அதனால்தான்.

## வழி 2: கிளவுட் சேவையின் குடும்பத் திட்டம்

பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட் போன்றவை. பெட்டகம் உங்கள் கருவியிலேயே பூட்டப்பட்டு, பூட்டிய நிலையில் அவர்களுடைய சர்வருக்குப் போகிறது. மாஸ்டர் பாஸ்வேர்ட் அவர்களுக்குத் தெரியாது.

பிட்வார்டனின் இலவசக் கணக்கிலேயே எத்தனை பாஸ்வேர்ட் வேண்டுமானாலும், எத்தனை கருவியில் வேண்டுமானாலும் வைக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பொதுப் பெட்டகம் வைத்துக்கொள்ளவும் இலவசமாகவே இடம் உண்டு. கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் அது போதும். அதற்கு மேல் என்றால் ஆறு பேருக்கான குடும்பத் திட்டம். ஒன்பாஸ்வேர்டில் நிலையான இலவசத் திட்டம் இல்லை, சோதனைக் காலம் முடிந்தால் காசு. குடும்பத் திட்டம் ஐந்து பேருக்கு.

இந்த வழியின் பெரிய பலம், ஒவ்வொரு பாஸ்வேர்டும் தனித்தனிப் பதிவாகவே சர்வருக்குப் போகிறது என்பது. மனைவி ஒன்றை மாற்றும்போது நான் வேறொன்றை மாற்றினால் மோதலே வராது. என் தனிப் பெட்டகம் எனக்கு, பொதுப் பெட்டகம் எல்லோருக்கும் என்று பிரித்துக்கொள்ளவும் முடிகிறது. மகளுக்குப் பள்ளி ஆப்பும் வைஃபையும் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் அப்படியே வைக்கலாம். அடுத்த வழியில் வரும் ஒற்றை ஃபைலில் இது நடக்காது.

மீட்பு விஷயத்தில் இரண்டும் வேறு வேறு. ஒன்பாஸ்வேர்டில் குடும்ப அமைப்பாளர், மறந்துபோன உறுப்பினரின் கணக்கை மீட்டுக் கொடுக்கலாம். அதோடு, கணக்கு தொடங்கும்போதே ரகசியச் சாவியோடு அச்சடித்து வைக்க ஒரு தாளும் தருகிறார்கள். பிட்வார்டனில் காசு கட்டும் திட்டத்தில் அவசர அணுகல் உண்டு. நீங்கள் நம்பும் ஒருவர் கேட்டு, நீங்கள் குறித்த நாட்களுக்குள் மறுக்காவிட்டால், அவருக்குப் பெட்டகம் திறக்கும். இதை ஏற்பாடு செய்து வைக்காமல் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் போனது போனதுதான். பெரியவர்களுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கும் அன்றே இதைச் செய்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது, டாலரில் கட்டும் ஆண்டுச் சந்தா. நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே இயக்கி வைக்க வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கியின் கூடுதல் அனுமதி விதிகளும் வந்துவிட்டன. அதனால் புதுப்பித்தல் அமைதியாகத் தவறிப்போக வாய்ப்பு உண்டு. சந்தா நின்றால் பொதுப் பெட்டகத்தின் பக்கம்தான் முதலில் முடங்கும். காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டகத்தின் நகலை எடுத்துப் பூட்டிய ஃபைலாக ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நிறுவனத்தின் முடிவுகளுக்கு நாம் கட்டுப்பட்டவர்கள். லாஸ்ட்பாஸ் 2021 மார்ச்சில் இலவசக் கணக்கை ஒரே வகைக் கருவிக்கு என்று சுருக்கியது. கம்ப்யூட்டரா போனா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. வைஃபை வழியே மட்டும் சிங்க் செய்யும் வசதி ஒன்பாஸ்வேர்ட் 7 வரை இருந்தது, 8-ல் எடுத்துவிட்டார்கள்.

## வழி 3: ஒரே ஃபைல், வீட்டு நெட்வொர்க்கில் சிங்க்

கீபாஸ் 2003-லிருந்து இருக்கிறது. டொமினிக் ரைக்கல் என்ற ஜெர்மானியர் எழுதியது. அதன் ஃபைல் வடிவத்தை இன்று பல மென்பொருள்கள் திறக்கின்றன: கம்ப்யூட்டரில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாஸியம் அல்லது ஸ்ட்ராங்பாக்ஸ். பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரே ஒரு பூட்டிய ஃபைல். அந்த ஃபைலை எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை சிங்க்திங் போன்ற இன்னொரு மென்பொருளுக்கு. நடுவில் எந்த நிறுவனமும் இல்லை, சந்தா இல்லை. பத்து வருடம் கழித்தும் திறக்கும் என்று நான் நம்பும் வடிவம் இதுதான். எனக்கு மனசுக்குப் பிடித்த வழியும் இதுவே.

ஆனால் பிடித்தது வேறு, வீட்டுக்குச் சரிப்படுவது வேறு. இருவர் ஒரே நேரத்தில் மாற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். காலையில் நான் மேசையில் கரண்ட் பில் பாஸ்வேர்டை மாற்றிச் சேமிக்கிறேன். போன் அப்போது வைஃபையில் இல்லை. வெளியில் இருக்கும் மனைவி தன் போனில் புதிதாக ஒரு கணக்கைச் சேர்க்கிறாள். மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் சிங்க்திங் இரண்டு ஃபைலும் மாறியிருப்பதைப் பார்க்கிறது. அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, எல்லாம் பூட்டிய எண்கள்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை, பெயரில் தேதி நேரத்தோடு 'சிங்க் கான்ஃப்ளிக்ட்' என்று சேர்த்து, அதே ஃபோல்டரில் ஓரமாகப் போட்டுவிடும். எதுவும் அழிவதில்லை. ஆனால் அந்த ஃபோல்டரை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? மூன்று வாரம் கழித்து "நான் சேர்த்தது எங்கே போச்சு?" என்று கேட்கும்போதுதான் தெரியும்.

இதற்குத் தீர்வு உண்டு. கீபாஸ்எக்ஸ்சியில் இன்னொரு ஃபைலோடு இணைக்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண்ணும் கடைசியாக மாற்றிய நேரமும் உள்ளே இருப்பதால், இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்துவிடும். பழைய பாஸ்வேர்டும் அந்தப் பதிவின் வரலாற்றில் நிற்கும். நான் வாரம் ஒருமுறை இதைச் செய்துவந்தேன். "மாற்றுவது மேசையில் மட்டும், போனில் பார்ப்பதோடு சரி" என்று வீட்டில் ஒரு விதி வைத்தால் பிரச்சினை முக்கால்வாசி குறையும். வீடு அந்த விதிக்கு ஒத்துழைக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நெட்வொர்க் பக்கம் நான் இரண்டு சனிக்கிழமைகளைத் தொலைத்த ஒரு விஷயம் இருக்கிறது, நிறைய வீடுகளில் இதே அமைப்புதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஃபைபர் இணைப்போடு கீழே ஒரு பெட்டி கொடுத்திருப்பார்கள். மாடியில் சிக்னல் வராது என்று நாம் இன்னொரு ரூட்டர் வாங்கி, கீழிருந்து ஒயர் இழுத்து, அதில் வெளி இணைப்புக்கென்று இருக்கும் 'வேன்' துளையில் சொருகியிருப்போம். நெட் நன்றாக வரும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கீழே இருக்கும் கருவிகளின் நெட்வொர்க் முகவரிகள் 192.168.1 வரிசையிலும் மாடியில் இருப்பவற்றின் முகவரிகள் 192.168.0 வரிசையிலும் இருக்கலாம். ஒரே வீடு, இரண்டு நெட்வொர்க். வெளி சர்வர்களின் உதவி வேண்டாம் என்று வைத்திருந்தால், சிங்க்திங் வீட்டுக்குள் தன் கூட்டாளிகளைத் தேடிக் கொடுக்கும் குரல் ரூட்டரைத் தாண்டிப் போகாது. மாடியில் படுக்கையறையில் இருக்கும் போனுக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. மாடி ரூட்டரை, வைஃபையை மட்டும் பரப்பும் 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றினால், அல்லது அந்த வசதி இல்லாவிட்டால் அதன் டிஹெச்சிபி-யை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) நிறுத்திவிட்டு ஒயரை வீட்டுக் கருவிகளுக்கான 'லேன்' துளையில் மாற்றிச் சொருகினால், எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிடும். மாடி ரூட்டருக்குக் கீழ்ப் பெட்டியோடு மோதாத ஒரு முகவரி கொடுக்க மறக்க வேண்டாம். விருந்தினர் வைஃபையில் இருக்கும் கருவிகளுக்கும் ஒன்றையொன்று தெரியாது, அது வேண்டுமென்றே அப்படி வைத்தது.

அப்புறம், இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் ஆனில் இருந்தால்தான் சிங்க் நடக்கும். ஆகவே எப்போதும் ஓடும் கருவி ஒன்று வீட்டில் தேவைப்படும். ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியைக் காக்க சிங்க்திங்கைப் பின்னணியில் நிறுத்திவிடும், அதற்கு விலக்கு கொடுக்க வேண்டும். சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. இப்போது அதன் கிளையாக வேறு தன்னார்வலர்கள் நடத்தும் ஆப்பைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஐபோனில் சிங்க்திங்கின் வேலையைச் செய்ய மோபியஸ் சிங்க் என்ற ஆப் உண்டு, ஆனால் பின்னணியில் ஓட ஐபோன் கொடுக்கும் நேரம் குறைவு, திறந்து வைத்தால்தான் நம்பிக்கையாக வேலை செய்யும். மனைவி அதை நினைவு வைத்துத் திறக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது என் தவறு.

பகிர்வில் பாகுபாடும் இல்லை. ஃபைலைத் திறந்தவருக்கு எல்லாம் தெரியும். குடும்பத்துக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று இரண்டு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வைஃபையிலேயே சிங்க் வேண்டும், ஆனால் இவ்வளவு தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. குருகிராமைச் சேர்ந்த என்பாஸில், ஒரு கம்ப்யூட்டரை மையமாக வைத்து மற்றக் கருவிகள் வைஃபை வழியே சிங்க் செய்யும் வசதி உள்ளேயே உண்டு. அந்தக் கம்ப்யூட்டர் ஆனில் இருக்க வேண்டும். போனில் முழு வசதிக்குக் காசு கட்ட வேண்டும்.

## வழி 4: வீட்டிலேயே சொந்த சர்வர்

வால்ட்வார்டன் என்பது பிட்வார்டனின் சர்வரைப் போலவே பேசும், தன்னார்வலர்கள் ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதிய எளிய சர்வர். 2021 வரை 'பிட்வார்டன் ஆர்எஸ்' என்ற பெயரில் இருந்தது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரிலேயே ஓடிவிடும். போனில் அதே பிட்வார்டன் ஆப்தான், சர்வர் முகவரியை மட்டும் மாற்ற வேண்டும். பதிவுகள் தனித்தனி என்பதால் மோதல் இல்லை, பொதுப் பெட்டகம் உண்டு, காசு கட்டித்தான் கிடைக்கும் வசதிகள் பலவும் இதில் சும்மா கிடைக்கின்றன. பூட்டிய ஃபைல்கூட வீட்டை விட்டு வெளியே போவதில்லை. ஐந்து வாட் என்று வைத்தாலும் மாதத்துக்கு 3.6 யூனிட் கரண்ட்தான்.

கேட்பதற்கு இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது போலத் தோன்றும். நான் ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

முதல் தடை, எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பு. பிரவுசருக்குள் பூட்டுகிற திறக்கிற வேலை பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே நடக்கும் என்பதால், வீட்டுக்குள்ளேயே என்றாலும் சர்வரின் அடையாளத்தை உறுதி செய்யும் சான்றிதழ் வேண்டும். சொந்தமாக ஒரு டொமைன் (இணையப் பெயர்) வாங்கி, அது நம்முடையது என்று அதன் டிஎன்எஸ் பதிவு வழியே நிரூபித்து, லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழை எடுப்பது சுத்தமான வழி. இதற்கு வீட்டு ரூட்டரில் எந்தக் கதவையும் திறக்க வேண்டாம். அது 90 நாளில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும், அந்த ஏற்பாடு ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வெளியூரில் இருக்கும்போது. நம் ஊரில் பல இணைப்புகளில் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரியே கிடைப்பதில்லை, நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன. வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு வர டெய்ல்ஸ்கேல் அல்லது வயர்கார்டு போன்ற தனிச் சுரங்கப்பாதை போட வேண்டும். ஆனால் இது கட்டாயமில்லை. பிட்வார்டன் ஆப் கடைசியாக சிங்க் ஆன நகலைப் பூட்டிய நிலையில் போனிலேயே வைத்திருக்கும். சர்வர் எட்டாதபோதும் பார்க்கலாம், நிரப்பலாம். புதிதாகச் சேர்க்கவோ மாற்றவோ மட்டும் முடியாது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது போதும். பெட்டகத்தை நேரடியாக இணையத்தில் திறந்துவைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மூன்றாவது, கரண்ட். ஒரு மழை நாளில் நாலைந்து முறை கரண்ட் போய்ப் போய் வந்தது. அதற்கு அப்புறம் ராஸ்பெர்ரி பையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, பச்சை விளக்கு துடிக்கவில்லை. மெமரி கார்டு போய்விட்டது. என்னிடம் இருந்த பேக்கப் மூன்று வாரம் பழையது. அதற்குப் பிறகு சேர்ந்த பதினோரு பதிவுகள் எங்களைக் கைவிடாமல் மனைவியின் போனில் இருந்தன. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பழைய பேக்கப்பை வைத்து சர்வரை எழுப்பினால், போன் அதனோடு சிங்க் ஆகி, தன்னிடம் இருக்கும் புதிய பதிவுகளையும் இழந்துவிடும். முதல் வேலையாக போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பதினொன்றையும் பார்த்துப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு, அப்புறம்தான் சர்வரை எழுப்பினேன். இதே நிலை உங்களுக்கு வந்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அதன் பிறகு மெமரி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி, ரூட்டரையும் சர்வரையும் சேர்த்துத் தாங்க ஒரு சின்ன யூபிஎஸ், தினமும், சர்வர் பதிவுகளை வைத்திருக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளை வழியே ஒரு நகல் என்று ஏற்பாடு செய்தேன். சர்வர் ஓடும்போது டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே காப்பி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டலாம், அதனால்தான் அந்தக் கட்டளை. போன் ஆப் தானாக அப்டேட் ஆகி, பழைய சர்வரோடு பேச மறுக்கும் நாட்களும் வரும் என்பதால் சர்வரையும் விடாமல் புதுப்பிக்க வேண்டும். எல்லாம் செய்யலாம், எனக்கு இதில் ஆர்வமும் உண்டு. ஆனால் இவற்றில் ஒன்றையாவது, நான் இல்லாதபோது, வீட்டில் வேறு யாராவது செய்வார்களா? எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

## ஒரு பார்வையில்

| | பிரவுசரில் இருப்பது | கிளவுட் குடும்பத் திட்டம் | கீபாஸ் ஃபைல் | சொந்த சர்வர் |
|---|---|---|---|---|
| கலப்புக் கருவிகள் | ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் ஒத்துவராது | எல்லாவற்றிலும் | எல்லாவற்றிலும், ஐபோனில் சிங்க் சிரமம் | எல்லாவற்றிலும் |
| இருவர் மாற்றினால் | ஆப்பிளில் சரி, கூகுளில் நகல் | சரி | இணைக்கும் வேலை உண்டு | சரி |
| நெட் இல்லாதபோது | சேமித்தது திறக்கும் | பார்க்கலாம் | முழுவதும் | பார்க்கலாம் |
| மாஸ்டர் மறந்தால் | கூகுள், ஆப்பிள் கணக்கு மீட்பைப் பொறுத்தது | முன்பே ஏற்பாடு செய்திருந்தால் | வழியில்லை | முன்பே ஏற்பாடு செய்திருந்தால் |
| பணம் | இல்லை | இருவருக்கு இலவசமும் உண்டு, மேலே ஆண்டுச் சந்தா | இல்லை | கருவி, டொமைன் |
| உங்கள் நேரம் | மிகக் குறைவு | ஒரு மாலை | மாதம் ஓரிரு மணி | எப்போதும் |

## எந்த வீட்டுக்கு எது

வீட்டில் எல்லோரும் ஐபோன் என்றால் ஆப்பிளின் பகிர்வுக் குழுவே போதும், மேலே படித்ததெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது. கணவன் மனைவி இருவர், கருவிகள் கலப்பு என்றால் பிட்வார்டன் இலவசக் கணக்குகள் இரண்டு. பெரியவர்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் என்று விரிந்த குடும்பத்துக்குக் கிளவுட் குடும்பத் திட்டம்தான் சரி. அந்த அண்ணனுக்கு உங்கள் வீட்டு வைஃபை எட்டாது.

தனியாக இருப்பவர், ஒரு லேப்டாப், ஒரு போன், மாற்றுவது ஒருவர் மட்டும் என்றால் கீபாஸ் ஃபைலை மனசார சிபாரிசு செய்வேன். நெட் அடிக்கடி போகிற ஊரில் இருப்பவர்களுக்கும் அது நல்லது. சொந்த சர்வர், வீட்டில் ஏற்கெனவே ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் எப்போதும் ஓடும் சேமிப்புப் பெட்டி) ஓடிக்கொண்டிருந்து, அதைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது இருந்தால் மட்டும். பாஸ்வேர்டுக்காகவே முதன்முதலாக ஒரு சர்வர் அமைக்க வேண்டாம். அந்தப் பாடத்தைப் படங்களையோ பாட்டுகளையோ வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது கிளவுட் குடும்பத் திட்டம். மாதம் ஒருமுறை அதன் நகலைக் கீபாஸ் ஃபைலாக மாற்றி என் மேசையில் வைத்துக்கொள்கிறேன்.

எந்த வழியானாலும் யூபிஐ பின், ஏடிஎம் பின் இரண்டையும் பொதுப் பெட்டகத்தில் போடாதீர்கள். நெட்பேங்கிங் பாஸ்வேர்டும் அவரவர் தனிப் பெட்டகத்தில்தான் இருக்க வேண்டும், வங்கிகள் அதைப் பகிர்வதை ஏற்பதில்லை. பாஸ்வேர்ட் தெரிந்தாலும் ஓடிபி யாருடைய சிம்முக்கு வருகிறது என்பது இன்னொரு பூட்டு. பொதுக் கணக்குகளில், பகலில் வீட்டில் இருப்பவரின் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒரு தாள். அதில் மாஸ்டர் பாஸ்வேர்ட், மின்னஞ்சல் கணக்கின் மீட்புக் குறியீடுகள், எந்த ஆப்பைத் திறக்க வேண்டும் என்பது. பேனாவால், தெளிவாக, குறிகளுக்குப் பக்கத்தில் அவை கீபோர்டில் எங்கே இருக்கின்றன என்பதையும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த உறை இருக்குமிடம் அம்மாவுக்கும் தெரியும்.

அமைத்து ஒரு வாரம் ஆனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ரூட்டரை அணைத்துவிட்டு, வீட்டில் கம்ப்யூட்டர் பக்கமே போகாதவரிடம், "மெடிக்ளெய்ம் பாஸ்வேர்ட் எடுத்துக் கொடுங்க" என்று கேளுங்கள். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள், வாய் திறக்காதீர்கள். அம்மாவுக்கு முதல் முறை ஆறு நிமிடம் ஆயிற்று. இரண்டாவது முறை, ஒரு நிமிடத்துக்கும் குறைவு.